மண் புகாமல் மூடி வைத்த என்ஜின்

எனக்கு மண் பிடிக்காது. கடலோர ஊரில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். ஓர் அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட வெளியே கொஞ்சம் மொட்டைமாடி. தினமும் இரண்டு வேளை பெருக்குகிறேன். பெருக்கி முடித்துக் கைகழுவிவிட்டு வந்து கால் வைத்தால் தரை நறநறவென்கிறது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மணல். கடற்காற்று வாங்குவதற்கென்றே வெளியூரிலிருந்து கிளம்பி இங்கே வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செய்கிற வேலையும் அதற்குத் தகுந்தாற்போல வாய்த்தது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறேன். துடைக்கிற துணியில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், லென்ஸில் கீறல் விழுந்துவிடும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பயத்தோடு வேலை செய்தவனுக்கு அது கடையோடு நின்றுவிடாது. பஸ்ஸில் சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேனாம், அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தவளக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை இன்றைக்கும் சொல்லுவாள். துடைத்தது உண்மைதான்.

இப்படிப்பட்டவன் மண்ணில் ஓட்டுகிற ரிமோட் காரைக் கட்டிக்கொண்டு அழுததற்கு ஒருவன்தான் காரணம். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்தவன்; எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். அவனுடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட குடும்பத்தை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். சொந்தக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பிரான்சில் இருந்தார்கள். இவனுக்கு மட்டும் ஏதோ ஒரு பழைய பேப்பர் கிடைக்காமல் குடியுரிமை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது. அதுவரைக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். பிரான்சிலிருந்து லீவில் வந்த அவனுடைய சித்தப்பா ஒருவர்தான் முதல் நைட்ரோ காரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதைப் பொம்மை என்றால் அவனுக்குக் கோபம் வரும். ஒரு முழ நீளம் இருக்கும். பேட்டரியில் ஓடுவதில்லை; நைட்ரோ என்று தனி எரிபொருள் ஊற்ற வேண்டும். உள்ளே இருப்பது நிஜ என்ஜின், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரத்துக்கு. பிஸ்டன், சிலிண்டர், கார்புரேட்டர் எல்லாம் அதற்கும் உண்டு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிளம்பும். கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம், விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை, புகை. அடுத்த தடவை வந்தபோது சித்தப்பா அதைவிடப் பெரியதாக இன்னொன்று கொண்டுவந்தார். பழையதை இவன் என் தலையில் கட்டினான்.

"வெச்சிக்கடா, ஞாயித்துக்கெழமைல நீயும் சும்மாதான கெடக்குற" என்றான். சும்மாதான் கிடந்தேன். வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைச்சாவடிக்குப் போகிற பக்கத்தில், மனை போடுவதற்காகத் தட்டிச் சமன்செய்து, பிறகு ஏதோ வழக்கு வந்து அப்படியே நின்றுபோன இடம் ஒன்று இருந்தது. செம்மண்ணும் கடல் மணலும் கலந்த தரை. ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கெல்லாம் அங்கே இருப்போம். எங்களைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் வண்டியோடு வருவார்கள். அதை நாங்கள் கிரவுண்டு என்போம். அவன் ஓட்டுவான், நான் துடைப்பேன். இப்படிச் சொன்னால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள். ஓட்டுவதில் எனக்கு ஆசையே இல்லை. துடைப்பதில்தான் எனக்குச் சுகம்.

நைட்ரோ என்ஜினுக்கு மணலைவிடப் பெரிய எதிரி கிடையாது. அது காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. உறிஞ்சுகிற வாயின் மேல் ஸ்பாஞ்சில் செய்த ஏர் ஃபில்டர் ஒன்று குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தக் குல்லாவைத் தாண்டிக் கொஞ்சம் மணல் உள்ளே போனால் முடிந்தது கதை. சிலிண்டரின் உச்சிக்குப் போகும்போது பிஸ்டனுக்கு ஓர் இறுக்கமான பிடிப்பு இருக்க வேண்டும். மணல் அதை அரைத்துத் தின்றுவிடும். ஒரு டாங்க் எரிபொருள் தீருவதற்குள் புது என்ஜின் கிழண்டுபோய்விடும். என்னிடம் இதை அவன் முதல் தடவை சொன்னபோது, இவ்வளவு நாளாக எனக்கென்றே யாரோ செய்துவைத்த வேலை இது என்று தோன்றியது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஃபில்டர். சனிக்கிழமை சாயங்காலமே நாலைந்தை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் பிழிந்து, நிழலில் காயவைப்பேன். காய்ந்ததை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஃபில்டர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எல்லா இடமும் ஒரே நிறமாகிற வரைக்கும் பிசைவேன். எண்ணெய் குறைந்தால் மண் நுழைந்துவிடும், கூடிப்போனால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். ஃபில்டர் உட்காருகிற கழுத்தில் விரலால் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குவேன். அதற்கும் மேல் பெண்கள் காலில் போடுகிற மெல்லிய நைலான் சாக்ஸை வெட்டி ஓர் உறை. அந்த சாக்ஸை வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண் "என்ன சைஸ் சார்?" என்று கேட்க, நான் ஃபில்டரின் சுற்றளவை மில்லிமீட்டரில் சொல்ல, அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவன் ஒரு வருஷம் ஓட்டினான்.

கிரவுண்டில் எனக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டி வந்து நின்றதும் முதலில் பிரஷ்ஷால் சுற்றிலும் தட்டிவிட்டு, அப்புறம்தான் ஃபில்டரைக் கழற்றுவேன். கழற்றிய நொடியில் என்ஜினின் வாயில் சுத்தமான துணியைச் செருகிவிடுவேன். டார்ச் அடித்து ஃபில்டரின் கழுத்துக்குள் பார்ப்பேன். சுற்றி நின்றுகொண்டு, "இன்னா டாக்டரே, பேஷண்ட் பொழைப்பாரா?" என்பார்கள். "நெஞ்சுல சளி இல்ல, ஓட்டலாம்" என்பேன். இந்த ஒரு வசனத்துக்கு வாரா வாரம் சிரித்தார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் என்னைப் பார்த்து யாரும் எதற்கும் சிரிப்பதில்லை.

அப்புறம் அவனுக்குப் பேப்பர் வந்துவிட்டது.

"வரும் வரும்னு இருந்தப்ப நல்லா இருந்துச்சிடா. வந்தப்புறம் பயமா இருக்குது" என்றான். பெண்டாட்டி பிள்ளையோடு போகிறான். அங்கே சித்தப்பா பார்த்துவைத்த வேலை காத்திருக்கிறது. பயப்பட என்ன இருக்கிறது என்று நான் அதட்டினேன். பயம் எனக்குத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பொழுது சாயும்வரை ஓட்டினான். கடைசியில் சூடு ஆறாத வண்டியை அப்படியே தூக்கி என் கையில் கொடுத்தான். "இது உங்கிட்டயே இருக்கட்டும். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமையாவது இங்க கொண்டாந்து ஓட்டு. நிறுத்தி வெச்சா இதுக்கு ஆவாது. வூட்டுக்குப் போனதும் எண்ண வுட்டுடு."

எண்ணெய் விடுவது என்றால் இதுதான். நைட்ரோ எரிபொருள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓட்டி முடித்த என்ஜினுக்குள் கொஞ்சம் தங்கிவிட்டாலே உள்ளே துருப்பிடிக்கும். அதனால் மிச்சத்தை எரித்துத் தீர்த்துவிட்டு, ஃபில்டரைக் கழற்றி, வாய்க்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு தடவை இழுத்துச் சுற்றவிட வேண்டும். எங்கள் கிரவுண்டிலேயே அதை ஒரு நாளும் மறக்காதவன் நான்தான்.

அன்றைக்கும் மறக்கவில்லை. அது மறதியாக இருந்திருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன். வீட்டுக்கு வந்து வண்டியை மேஜையில் வைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் வெளிமண்ணைத் தட்டினேன். எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பக்கத்திலும் வைத்தேன். அப்போது காற்று கிளம்பியது. சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக மணல் வந்து மேஜை மேல் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். இந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றினால் என்ஜினின் வாய் திறந்து கிடக்கும். திறந்த வாயில் ஒரு துகள் விழுந்தாலும் உள்ளே கீறல் விழும். என் வண்டியென்றால் துணிந்து கழற்றியிருப்பேன். இது அவன் வண்டி. என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

எனவே கழற்றவில்லை. அதற்குப் பதிலாக மூடினேன். ஃபில்டரோடு சேர்த்து மேலே ஒரு பலூனை மாட்டினேன். புகை வருகிற குழாயின் வாயை டேப் போட்டு அடைத்தேன். எரிபொருள் டாங்கின் மூடிக்கு மேல் இன்னொரு டேப். வண்டி முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, காற்றுப் புகாத அரிசி டப்பா ஒன்று புதிதாக வாங்கி, லென்ஸ் பெட்டியோடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, உள்ளே வைத்து மூடி, மூடியைச் சுற்றியும் டேப் ஒட்டினேன். கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். காற்று நின்றதும் எண்ணெய் விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் வீட்டில் காற்று என்றைக்கு நின்றிருக்கிறது?

இரண்டு நாள் கழித்து சென்னை விமான நிலையம் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு, பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன். கோட்டக்குப்பம் தாண்டி இறங்க வேண்டிய நிறுத்தத்தில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. எழுந்து, இறங்கி, வீட்டுக்கு வந்து பெருக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். அவன் இல்லாமல் அங்கே நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டார்கள். பேஷண்ட் இல்லாத டாக்டர். எல்லாரும் அவனோடு பேசுவார்கள், அவன் என்னோடு பேசுவான், அந்த வழியில்தான் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று வாரம் போனேன். நாலாவது வாரம் தலைவலி. அதற்கடுத்த வாரம் தலைவலி இல்லை, ஆனாலும் போகவில்லை. என் வண்டிக்கு எண்ணெய் விட்டு அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தங்கை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாள். "வண்டி ஓட்டப் போவணும்மா, அவன் வுட்டுட்டுப் போனது, ஓட்டலன்னா கெட்டுடும்" என்பேன். நல்ல காரணம். யாராலும் மறுத்துப் பேச முடியாது. சொல்லிவிட்டு மத்தியானம் ஒரு முட்டையைப் பொரித்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். பேச ஆளில்லாமல், ஞாயிற்றுக்கிழமையில் பொழுது சாய்வதற்குள் சில நேரம் என் தொண்டை கட்டிக்கொண்டுவிடும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவனிடமிருந்து போன் வரும். பாரீஸுக்கு வெளியே ஓர் ஊர். பெரிய கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, அவன் பெண்டாட்டிக்கு வேலை. அவனுக்கு அப்போது மத்தியானம். எடுத்தவுடன் முதல் கேள்வி அதுதான். "இன்னாடா, கிரவுண்டுக்குப் போனியா?"

"போனேன்" என்றேன் முதல் தடவை. அவன் கஷ்டப்படக் கூடாது என்று சொன்ன பொய். எவ்வளவு நல்லவன் பாருங்கள். இரண்டாவது தடவை, "உன் வண்டி சூப்பரா ஓடுச்சி" என்றேன். பொய்யென்று வந்துவிட்டால் அதையும் நான் சுத்தமாகத்தான் செய்வேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, யார் யார் வந்தார்கள், யார் வண்டி குப்புற விழுந்தது, ஃபில்டரின் கழுத்தில் எவ்வளவு மண் இருந்தது எல்லாம் சொல்வேன். அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பான். சில வாரம் நான் சொன்னதில் எனக்கே சிரிப்பு வந்துவிடும். போனை வைத்த பிறகு கட்டிலுக்கு அடியில் இருக்கும் டப்பா ஞாபகத்துக்கு வரும். நாளைக்குத் திறந்து எண்ணெய் விட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒரு மாதம் தாண்டியபோது திறக்கப் பயமாக இருந்தது. ஒரு வருஷம் தாண்டியபோது திறக்காமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. இப்படி மூன்று வருஷம் ஓடியது.

மூன்றாவது வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குரல் சரியில்லை. அங்கே குளிர்காலம். "இங்க ஞாயித்துக்கெழமன்னா தெருவுல ஒரு சத்தம் கெடையாதுடா. சொவரப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். என் வண்டி சத்தத்தக் கேக்கணும் போல இருக்குது" என்றான்.

"இருட்டிடுச்சேடா" என்றேன்.

"அடுத்த வாரம் நாலு மணிக்கே கூப்புடறேன். வீடியோல காட்டு."

"வீடியோல்லாம் நெட்டு நிக்காது. சத்தம் மட்டும் கேளு."

அன்றைக்கே டப்பாவை வெளியே இழுத்தேன். டேப்பைப் பிரித்து, தாளைக் கிழித்து எடுத்தால், வண்டி மூன்று வருஷத்துக்கு முன் வைத்த மாதிரியே பளபளவென்று இருந்தது. மேலே ஒரு துகள் மண் இல்லை. அதைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் பெருமைகூட வந்தது. கயிற்றை இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், கயிறு அசையவே இல்லை. பலூனைக் கழற்றினேன். பிசுபிசுவென்று, பழுப்பாக, அழுகின மாதிரி ஒரு வாசனை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மணலை வெளியே நிறுத்தி, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். என்ஜின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

அப்போதே அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஏழு மணி போன் நின்றுவிடும் என்று பயந்தேன். வாரத்தில் எனக்கென்று அடிக்கிற போன் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த என் வண்டியை மொட்டைமாடிக்கு எடுத்து வந்தேன். சக்கரம் தரையில் படாமல் அடியில் ஒரு செங்கல்லை வைத்தேன். நாலு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகையைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா அது, கொசு மருந்து அடிக்கிறியா?" என்று வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து கத்தினாள். போன் பக்கம் குனிந்து, "கேக்குதாடா?" என்றேன்.

"கொஞ்சம் ஏத்து" என்றான். ஏற்றினேன். அது கீச்சென்று கத்தியது. அவனுடைய பெரிய என்ஜினின் சத்தம் இப்படி இருக்காது. நெஞ்சில் வந்து இடிக்கும். போனில் என்ன தெரியப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிடா. போதும். நிறுத்திடு" என்றான்.

"எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குடா" என்றான். வைத்துவிட்டான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு மணி வரைக்கும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவும் இல்லை.

அந்த வாரம் என்ஜினைத் தனியே கழற்றிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஃபிரேமை வளைப்பதற்குச் சூடு காட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதில் காட்டிக் காட்டி, துருவை இளக்குகிற எண்ணெயை விட்டு, விட்டு, நாலு நாள் மெனக்கெட்டேன். கடைசியில் நெறுக்கென்று ஒரு சத்தத்தோடு சுற்றியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது அது சந்தோஷக் கண்ணீராக நிலைக்கவில்லை. பேரிங்கின் குண்டுகள் பழுப்பேறிச் சொரசொரத்துக் கிடந்தன. லென்ஸைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துச் சிலிண்டருக்குள் பார்த்தேன். சுற்றிலும் துரு தின்ற குழிகள். எந்தக் கீறலுக்குப் பயந்து மூடி வைத்தேனோ, அதைவிட நூறு மடங்கு. என்னுடைய இத்தனை வருஷ அனுபவத்துக்கு, இது தேறாது என்று ஒரே பார்வையில் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நானே அவனைக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் நானாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அதுவே அப்போதுதான் உறைத்தது. ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தான்.

"உன் என்ஜின் போயிடுச்சிடா" என்றேன். இத்தனை நாள் மனசுக்குள் கோத்து வைத்திருந்த பீடிகையெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நான்தான் கெடுத்தேன். எண்ண வுடல. ஃபில்டரத் தொறந்தா மண்ணு பூந்துடும்னு தொறக்கவே இல்ல. மூடியே வெச்சிட்டேன். அன்னைக்கு நீ கேட்டது உன் வண்டி இல்ல. என்னுது."

"தெரியும்" என்றான்.

"சத்தத்த வெச்சிக் கண்டுபுடிச்சிட்டியா?"

"உன்னுதும் நான் ஓட்டுன வண்டிதானடா, எனக்குத் தெரியாதா? அதுக்கும் முன்னாடியே தெரியும்."

"எப்டி?"

அவன் மெதுவாகச் சொன்னான். "நம்ம கிரவுண்டு இப்ப இல்லடா. கேஸ் முடிஞ்சி, சுத்தி செவுரு போட்டு, மூணு மாடி எழும்பிடுச்சி. பசங்க போட்டோ அனுப்பிச்சாங்க. ஆச்சி, ரெண்டு வருசம். நீ வாரா வாரம் அங்கதான் ஓட்டிட்டு வந்தேன்னு சொல்லிக்கினு இருந்த."

நான் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன். தரையைத் துடைக்காமல் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு வருஷம். யார் வண்டி குப்புற விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நான் அளந்துவிட்டதையெல்லாம், அந்த இடத்தில் கட்டடம் நிற்பது தெரிந்தே அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. வெட்கம் கோபமானது.

"அப்ப ஏன்டா வாரா வாரம் கேட்ட, கிரவுண்டுக்குப் போனியான்னு? என்ன வெச்சி வெளையாடினியா?"

"வண்டிய ஒரு ஆளுகிட்ட பத்திரமா குடுக்கணும்னா ஊருல இருக்குற எங்க அத்த பையன்கிட்ட குடுத்திருக்க மாட்டனா? உன்னத் தனியா வுட்டுட்டுப் போறமேன்னுதான் உங்கிட்ட குடுத்தேன். அது இருந்தா ஞாயித்துக்கெழமையில வூட்ட வுட்டு வெளிய போவ, நாலு பேரு கூட பேசுவன்னு நெனச்சேன். நீ அதையும் உன்ன மாதிரியே மூடி வெச்சிட்ட."

நான் தரை மணலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவனே மேலே சொன்னான்.

"வாரா வாரம் கேட்டது ஏன்னு கேக்குற. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், நீ நெஜமாவே போய்ப் பாத்துட்டு வந்து, 'டேய், நம்ம கிரவுண்ட காணோம்டா'ன்னு சொல்லுவன்னுதான்டா."